டாப் ஸ்டேஷன்: ஒரு மலைச்சரிவின் வரலாறு

ஊர்களுக்குப் பெயர் வைப்பதில் நம் முன்னோர் பெரும்பாலும் கண்முன் நின்றவற்றையே நாடினர். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு ஆயிற்று. மரம், மலை, சுனை, தெய்வம், குடித்தலைவர் என இவற்றுள் ஏதேனும் ஒன்று ஊர்ப்பெயருக்குள் ஒளிந்திருப்பதை நாம் எங்கும் காணலாம். ஆனால் கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் சந்திக்கும் மலை விளிம்பில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில், ‘டாப் ஸ்டேஷன்’ என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதற்குக் கீழே, சரிவின் இடைப்பகுதியில் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்னும் குடியிருப்பு அமைந்துள்ளது. அடிவாரத்துக் கொட்டகுடியை ஒரு காலத்தில் ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்றே வழங்கினர். மேல், நடு, கீழ் என்று மூன்று நிலையங்கள்! ஆயினும் இவற்றுள் எந்த நிலையத்திலும் இன்று வண்டி நிற்பதில்லை; மணி அடிப்பதில்லை; பயணச் சீட்டுக் கொடுப்பாரும் இல்லை. இருந்த நிலையம் போய்விட்டது. பெயர் மட்டும் ஊராக நிலைத்துவிட்டது. அது எங்ஙனம் நேர்ந்தது என்பதையே இங்கு காண்போம்.

ஒரு மலைச்சரிவு மனிதருக்குப் பயன்பட்டுப் பின் பயனற்றுப் போவது நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று. பனி பெய்யும் நாடுகளில் சறுக்குப் பாய்ச்சல் என்றொரு விளையாட்டு உண்டு. கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு, உயரமான மேடையிலிருந்து சறுக்கி வந்து, விளிம்பில் எழும்பி, காற்றில் பறவைபோல் மிதந்து, கீழ்ச்சரிவில் வந்து இறங்குவர். நார்வே நாட்டின் தலைநகரை அடுத்த ஹோல்மென்கோலன் குன்றில் 1892-ஆம் ஆண்டு தொடங்கிய இவ்விளையாட்டு இன்றும் சிறப்புற நடைபெறுகிறது. எல்லாக் குன்றுகளுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. இத்தாலியில் கோர்ட்டினா என்னும் மலையூரில் 1956-ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் போட்டி நடந்த பாய்ச்சல் மேடை 1990-க்குப் பின் போட்டியின்றிக் கிடந்தது. சரயேவோ நகரருகே இக்மான் மலையில் 1984-இல் உலகமே கண்டுகளித்த மேடைகள், 1992 முதல் 1995 வரை நடந்த போரில் சிதைந்தன. முதலாவது வழக்கொழிந்து போயிற்று. இரண்டாவது போரால் அழிந்தது. நம் மலைகளில் பனிச்சறுக்கு இல்லை. ஆனால் அதே இயற்கைச் சக்தியை, அதாவது மேலிருந்து கீழே இழுக்கும் புவியீர்ப்பை, நம் மலைச்சரிவும் பயன்படுத்திற்று. அங்கே மனிதர் பாய்ந்தனர். இங்கே தேயிலைப் பெட்டிகள் காற்றில் மிதந்து இறங்கின.

தேயிலை அம்மலைக்கு வந்த வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். மதுரைப் பாண்டியரின் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடம் கண்ணன் தேவன் மலைகள் இருந்தன. 1877-ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் அம்மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். தொடக்கத்தில் காப்பி, சிங்கோனா முதலிய பயிர்கள் அங்கு முயன்று பார்க்கப்பட்டன. 1880-இல் ஷார்ப் என்பவர் பார்வதி என்னுமிடத்தில் தேயிலை பயிரிட்டார். அதுவே அம்மண்ணுக்கு இயைந்த பயிரென்று விளங்கியதும் காடுகள் வீழ்ந்தன, தோட்டங்கள் எழுந்தன. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி நிறுவப்பட்டது.

தோட்டம் உண்டாக்கக் கைகள் வேண்டுமல்லவா? அக்கைகள் பெரும்பாலும் கிழக்கே இருந்த தமிழ்ச் சீமையிலிருந்து வந்தன. கங்காணிகள் ஊரூராகச் சென்று, முன்பணம் கொடுத்து, குடும்பங்களை அழைத்து வந்தனர். மழை பொய்த்த ஆண்டுகளில் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து புறப்பட்ட மக்கள், போடிநாயக்கனூர் வரை வந்து, அங்கிருந்து மலையேறினர். மூட்டையைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் சுமந்து அவர்கள் ஏறிய வழிகளுள் ஒன்று இந்தக் கொட்டகுடிச் சரிவாகும். எனவே இச்சரிவு தேயிலை இறங்கிய வழி என்பதற்கு முன்னரே மனிதர் ஏறிய வழி என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இனி, தேயிலையை மலையிலிருந்து வெளியுலகுக்குக் கொண்டுசெல்வது எப்படி என்னும் கேள்வி எழுந்தது. மேற்கே கடற்கரை இருந்தது. ஆனால் அதற்கும் மூணாற்றுக்கும் இடையில் அடர்ந்த காடும் பல மலைத்தொடர்களும் கிடந்தன. கிழக்கிலோ மலை திடீரென்று முடிந்துவிடுகிறது. விளிம்பில் நின்று பார்த்தால், கீழே மதுரைச் சீமையின் வயல்வெளி தெரியும். கீழிறங்கி விட்டால் மாட்டுவண்டிப் பாதை உண்டு. அதற்கு அப்பால் இருப்புப்பாதையும் உண்டு. ஆகவே மூணாற்றிலிருந்து விளிம்பு வரை ஒரு பாதை, விளிம்பிலிருந்து அடிவாரம் வரை மற்றொரு பாதை எனத் திட்டம் வகுத்தனர்.

முதற்பாதை 1902-ஆம் ஆண்டில் அமைந்தது. அது நாம் அறிந்த இரயில் பாதையைப் போன்றதன்று. சாலையோரமாக ஒரே ஒரு தண்டவாளம் மட்டும் போடப்பட்டது. வண்டியின் சிறு சக்கரங்கள் அத்தண்டவாளத்தின்மேல் உருளும். சுமையின் பெரும் பகுதியை அவையே தாங்கும். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையின்மேல் ஓடும். இழுப்பதற்கு எருதுகள். இதனை யூயிங் முறை என்பர். இரும்பின்மேல் இரும்பு உருளும்போது உராய்வு மிகக் குறைவு; ஆகையால் மண் சாலையில் இழுக்கக்கூடியதைவிடப் பன்மடங்கு சுமையை அதே மாடுகள் இதில் இழுக்கும். தண்டவாளம் ஒன்றே என்பதால் செலவும் குறைவு. மலை வளைவுகளில் போடுவதும் எளிது. பிற்பாடு 1907-இல் பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானமும் இதே முறையில் ஒரு பாதை அமைத்தது. அதன் எஞ்சின் ஒன்று புதுதில்லி இரயில் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வருகிறது.

தோட்டங்கள் பெருகவே மாடுகளின் வேகம் போதவில்லை. 1908-இல் ஒற்றைத் தண்டவாளத்தை அகற்றிவிட்டு, இரண்டு அடி அகலமுள்ள இரட்டைத் தண்டவாளப் பாதையை அமைத்தனர். நீராவி எஞ்சின் மலைமேல் புகை விட்டுக்கொண்டு ஓடத் தொடங்கிற்று. நீலகிரி மலை இரயில் உதகமண்டலத்தை எட்டியதும் அதே ஆண்டில்தான் என்பது கருதத்தக்கது. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்வே என்பது மூணாற்றுப் பாதையின் பெயர். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு ஆகிய நிலையங்களைக் கடந்து மலை விளிம்பில் அது முடிந்தது. அம்முடிவிடமே டாப் ஸ்டேஷன்.

அதற்கு மேல் இரயில் செல்ல இயலாது. ஏன்? கொட்டகுடி வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் மலை சுமார் 1,000 மீட்டர் இறங்கிவிடுகிறது. அதாவது ஐந்தடி முன்னே சென்றால் ஓரடி கீழே போகவேண்டும். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே 1899-இல் திறக்கப்பட்ட மலை இரயில், பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றத்தைக் கடக்கவே தண்டவாளங்களுக்கு நடுவில் பல்வரிசை பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கவ்விக்கொண்டு ஏறுமாறு செய்திருக்கிறார்கள். கொட்டகுடிச் சரிவோ அதனினும் மிகச் செங்குத்தானது. ஆகவே மண்ணை விட்டு வானவெளியையே பாதையாக்கினர். அங்குக் கயிற்றுப்பாதை பிறந்தது.

கயிற்றுப்பாதை இயங்கும் முறை எளியது. மேலே ஒரு நிலையம், கீழே ஒரு நிலையம், இடையிடையே தாங்குதூண்கள், அவற்றின்மேல் முறுக்கிய எஃகு வடம். வடத்தில் தொங்கும் தொட்டிகளில் சரக்கை ஏற்றுவர். கிணற்றுக் கப்பியில் ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் வாளி கட்டி இறைப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு வாளி இறங்க மற்றொன்று ஏறும். மலைக் கயிற்றுப்பாதையிலும் அத்தத்துவமே பயன்படும். பாரத்தோடு இறங்கும் தொட்டிகளின் எடை, ஏறும் தொட்டிகளை இழுக்கத் துணைபுரியும். இறங்கும் சரக்கு மிகுதியாகவும் ஏறும் சரக்கு குறைவாகவும் இருந்தால், வடத்தை இழுப்பதைக் காட்டிலும் அதனைத் தடுத்து நிறுத்துவதே பெரிய வேலையாகிவிடும். மலையில் விளைந்ததைச் சமவெளிக்கு இறக்குவதற்கு இதனினும் சிக்கனமான வழி அக்காலத்தில் இல்லை.

இங்ஙனம் மூணாற்றிலும் மாட்டுப்பட்டியிலும் ஆலையில் பதமான தேயிலை, பெட்டிகளில் அடைக்கப்பெற்று, இரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து வடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கிற்று. பின்னர் 15 கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர் சென்று, இருப்புப்பாதையை அடைந்து, இந்தியாவின் பல பகுதிகளுக்கும், கப்பலேறி இங்கிலாந்துக்கும் போயிற்று. லண்டன் மாநகரில் ஒருவர் பருகிய தேநீருக்கு, இந்த ஐந்து கிலோமீட்டர் வானவழிப் பயணமும் காரணமாயிருந்தது. மலையிலோ நெல் விளைவதில்லை. தோட்டத் தொழிலாளரின் அடுப்பில் வெந்த அரிசி கிழக்குச் சமவெளியையே நம்பியிருந்தது. இதனை எண்ணிப் பார்த்தால், அச்சரிவு திருவிதாங்கூர் சமஸ்தானத்தையும் சென்னை மாகாணத்தையும் பிணைத்த உயிர்நாடி என்றே சொல்லலாம்.

இவ்வமைப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அம்மலையைப் போர்த்தும் நீலக்குறிஞ்சி, நீராவி இரயிலின் வாழ்நாளில் 1910-இலும் 1922-இலுமாக இருமுறையே பூத்தது. 1924-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கொல்லம் ஆண்டு 1099-இல், மேற்குத் தொடர்ச்சி மலையில் பேய்மழை கொட்டத் தொடங்கிற்று. ஏறக்குறைய மூன்று வாரங்கள் அது ஓயவில்லை. மலையாள நாட்டில் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றால் முதியோரும் இளையோரும் அறிவர். மலைகள் சரிந்தன, மரங்கள் வேரோடு பெயர்ந்தன, மூணாறு நகரம் நீரில் மூழ்கிற்று. ஆலுவாவிலிருந்து மூணாற்றுக்கு வந்த பழைய சாலையும் மலைச்சரிவில் அழிந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்வே இருந்த இடம் தெரியாமல் சிதைந்தது.

இவ்வழிவிற்குக் காரணம் மழை மட்டுந்தானா? பாதை ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே போடப்பட்டிருந்தது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். இரயிலுக்கு மெல்லிய ஏற்றம் வேண்டும். மலையில் மெல்லிய ஏற்றம் ஆற்றங்கரையில்தான் கிடைக்கும். எந்த வசதியை நாடிப் பொறியாளர்கள் ஆற்றின் அருகே சென்றார்களோ, அந்த அருகாமையே இரயிலுக்கு யமனாயிற்று. அன்றியும், மலைச்சரிவுகளில் காட்டை அழித்துத் தோட்டமாக்கியபோது, மண்ணை ஆழத்தில் பற்றிநின்ற பெருமரங்களின் வேர்களும் போயின. வேர்ப்பிடிப்பு இழந்த மண் நீரைக் குடித்துக் கனத்ததும் நழுவுகிறது. நழுவிய மண் ஓடையை அடைக்கிறது. அடைபட்ட நீர் உடைத்துக்கொண்டு பாய்கிறது. மலைவெள்ளத்தின் கொடுமை இத்தன்மையது.

அழிந்த இரயிலை மீண்டும் அமைக்கவில்லை. அதற்குள் மோட்டார் வண்டியின் காலம் பிறந்துவிட்டது. இரயில் வராமற்போகவே மேல் நிலையத்துக்குச் சரக்கு வரும் வழி அற்றது. கயிற்றுப்பாதையும் காலப்போக்கில் கைவிடப்பட்டது. இதில் ஒரு விந்தை உண்டு. மலைமேல் இரயில் அழிந்து நான்கே ஆண்டுகளில், 1928-இல், மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. கீழே இரயில் வந்தபோது மேலே இரயில் இல்லை; மேலே இரயில் ஓடியபோது கீழே இரயில் வரவில்லை. மேற்கிலோ நேரியமங்கலத்தில் பெரியாற்றின் குறுக்கே 1935-இல் பாலம் திறக்கப்பட்டு, புதிய சாலை மூணாற்றைக் கொச்சியோடு இணைத்தது. மலையின் முகம் கிழக்கிலிருந்து மேற்கே திரும்பிற்று. பின்னர் 1940-களின் பிற்பகுதியிலும் 1950-களின் முற்பகுதியிலும் குண்டளையிலும் மாட்டுப்பட்டியிலும் அணைகள் எழுந்தன. இரயில் ஊதிச் சென்ற பள்ளத்தாக்கில் இன்று நீர்த்தேக்கங்கள் பரந்து கிடக்கின்றன.

இவ்வரலாற்றின் சுமையை இன்றும் தாங்குவோர் சரிவில் வாழும் மக்களே. 1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் பகுதி கேரளத்தோடு நின்றது. மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷனோ தமிழ்நாட்டின் பக்கம் அமைந்தது. 1972-இல் இடுக்கி மாவட்டமும் 1996-இல் தேனி மாவட்டமும் உருவாயின. டாப் ஸ்டேஷனுக்குச் சாலை வழியாகச் செல்வோர் மூணாற்றிலிருந்து 32 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். ஊரோ தமிழ்நாட்டது, சாலையோ கேரளத்தது. ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டி ஐந்து கிலோமீட்டர் கடந்து அடிவாரத்தை அடைந்தது. அங்குள்ள குடியானவர் ஒருவர் வண்டியேறித் தம் தாலுகா தலைநகரான போடிக்குப் போக வேண்டுமானால், மூணாறு, போடிமெட்டு வழியாக நூறு கிலோமீட்டர் அளவு சுற்றிவருகிறார். இல்லையேல் அன்று போலவே காலால் நடந்து குரங்கணிக்கு இறங்க வேண்டும். பிணியுற்றோரும் பேறுகாலப் பெண்டிரும் இச்சுற்றினால் படும் இடர் சொல்லாமலே விளங்கும். பொருளுக்குக் கிட்டிய நேர்வழி மனிதருக்குக் கிட்டவில்லை.

மலைச்சரிவுகள் எச்சரிக்கையும் செய்துகொண்டேயிருக்கின்றன. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவி, நடைபயணம் வந்த இளைஞரும் இளம் பெண்டிருமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டே ஆகஸ்டுத் திங்களில் கேரளம் முழுவதையும் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளத்தையே அனைவரும் ஒப்பிட்டுப் பேசினர். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளரின் லயங்களை மூடிற்று. இறந்தோரும் காணாமற்போனோருமாக எழுபது பேர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். கிழக்குச் சரிவேறி வந்தோரின் வழித்தோன்றல்கள். 1924-இன் மழை வெறும் பழங்கதையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்பழைய இரயிலின் எச்சங்கள் சில உள்ளன. மூணாற்றுப் பழைய நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. நல்லதண்ணி தோட்டத்துத் தேயிலை அருங்காட்சியகத்தில் இரயில் சக்கரம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. மலை விளிம்பில் கயிற்றுப்பாதையின் சிதைவுகள் புல்லிடையே கிடக்கின்றன. மேகமும் குறிஞ்சியும் காண வருவோர் அவற்றைத் தாண்டிச் செல்கின்றனர். அண்மை ஆண்டுகளில் அம்மலை இரயிலை மீண்டும் அமைக்கலாமா என்னும் பேச்சும் எழுந்துள்ளது. நல்லதே. ஆனால் அதனை அமைக்க முற்படுவோர், முதல் இரயில் எப்படிப் பிறந்தது என்பதோடு, எவ்வழியாகச் சென்றதால் அழிந்தது என்பதையும் கற்றல் வேண்டும்.

மொழிபெயர்ப்புத் தொழில் செய்வோருக்கு ஒரு விதியுண்டு: இடப்பெயரை மொழிபெயர்க்கலாகாது. டாப் ஸ்டேஷன் என்பதை ‘மேல் நிலையம்’ என்று நாம் மாற்றினால் ஊரார்க்கே அது தெரியாது. எனவே பெயர் அப்படியே இருக்கட்டும். ஆனால் பெயரின் பொருள் தெரியாமற்போவது வேறு. அது வரலாற்று இழப்பு. எந்த நிலையத்தின் உச்சி இது, எதன் நடுவண் அது என்பதைச் சொல்லும் ஒரு கல்வெட்டோ பலகையோ, தமிழிலும் மலையாளத்திலும், இரு மாநிலத்தாரும் சேர்ந்து அவ்விளிம்பில் நிறுத்தினால் பெருஞ்செலவு ஆகாது. அதில் 1902, 1908, 1924 என்னும் மூன்று ஆண்டுகளும் இடம்பெற வேண்டும். தேயிலை இறங்கிய செய்தியோடு, அதே சரிவில் மூட்டையும் குழந்தையுமாக ஏறிவந்த மக்களைப் பற்றியும் ஒரு வரி பொறிக்கப்பட வேண்டும். அந்த மலையில் அவர்கள் பிள்ளைகளும் பேரர்களும் இன்றும் கொழுந்து கிள்ளுகிறார்கள். மழைக்காலத்து இரவுகளில் மேற்சரிவை நோக்கிக் காது கொடுத்தபடி உறங்குகிறார்கள்.